யுக்கா பூக்கிறது, காய்ப்பதில்லை

கேள்வி: எங்கள் வாசலில் ஆறு ஆண்டுகளாக யுக்கா நிற்கிறது. ஆள் உயரத்துக்குத் தண்டு எழும்பி வெள்ளைப் பூக்கள் கொத்தாகத் தொங்குகின்றன. ஒரு காய்கூடப் பிடித்ததில்லை. ஆட்டுப் புழுக்கை, கடலைப் பிண்ணாக்கு எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். மண்ணில் குறையா?
— வாசகி, திருநகர், மதுரை

பதில்: மண்ணிலும் எருவிலும் குறையில்லை, அம்மா. உங்கள் செடிக்கு வேண்டிய பூச்சி மதுரையில் இல்லை.

யுக்காவின் தாயகம் அமெரிக்கக் கண்டம். அதன் மகரந்தம் தூளாகப் பறக்காமல் பிசுபிசுவென்று ஒட்டிக்கிடப்பதாலும், சூல்முடி குழிந்திருப்பதாலும், காற்றோ தேனீயோ தற்செயலாக இரண்டையும் சேர்த்துவைப்பது அரிது. வட அமெரிக்காவில் இந்த வேலையைச் செய்வது ஒரு சிறு அந்துப்பூச்சி; 'டெஜெட்டிகுலா யுக்காசெல்லா' என்பது அதன் அறிவியல் பெயர். இறக்கை விரித்தால் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர்தான். முன்னிறக்கைகள் வெண்மையாக இருப்பதால், பகலில் பூவுக்குள் ஒடுங்கிக் கிடக்கும்போது எளிதில் கண்ணில் படாது.

இரவில் பெண் பூச்சி, வாயருகே உள்ள சுருண்ட உறுப்புகளால் மகரந்தத்தைச் சுரண்டி, உருண்டையாக்கித் தலைக்கடியில் இடுக்கிக்கொண்டு, வேறொரு செடியின் பூவுக்குப் பறந்து, அதன் சூலகத்தைத் துளைத்து முட்டையிடுகிறது. பிறகு மேலே ஏறி, கொண்டுவந்த உருண்டையில் சிறிதைப் பிய்த்துச் சூல்முடிக் குழிக்குள் திணிக்கிறது. எத்தனை முறை படித்தாலும் இந்தத் திணிப்பு என்னை நிறுத்திவிடுகிறது. தேனீ தேனுக்காக வந்த இடத்தில் உடம்பில் ஒட்டிய தூளைச் சுமந்து போகிறது. சில நாள்களே வாழும் இந்தப் பூச்சியோ தேன் தேடி வருவதில்லை, மகரந்தம் சேர்ப்பதையே வேலையாகச் செய்கிறது. விதை உண்டானால்தான் அதன் குஞ்சுப் புழுவுக்கு உணவு உண்டு. மிசௌரியில் தாவரவியலாளர் ஜார்ஜ் எங்கெல்மானும் பூச்சியியலாளர் சார்லஸ் ரைலியும் 1872-ஆம் ஆண்டையொட்டி இதைக் கண்டறிந்தார்கள்.

கேள்வி: புழு விதையைத் தின்றுவிட்டால் செடிக்கு நட்டமில்லையா?
— வாசகர், மேலூர்

பதில்: புழு ஒரு பங்கைத்தான் தின்கிறது, மிச்ச விதைகள் முற்றுகின்றன. ஒரே பூவில் முட்டைகள் அளவுக்கு மிஞ்சினால் செடி பெரும்பாலும் அந்தப் பூவையே உதிர்த்துவிடுகிறது, புழுக்களும் அதோடு மடிகின்றன. 'அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு' என்று நம் ஊரில் சொல்வார்களே, அங்கும் இதே ஏற்பாடுதான்: அத்திப் பூக்களுக்கு மகரந்தம் கொண்டுவரும் சிறு குளவியின் குஞ்சுகள் அந்தப் பூக்களிலேயே வளர்கின்றன. வயிறு நிறைந்த யுக்காப் புழு காயைத் துளைத்து வெளியேறி, மண்ணுக்குள் கூடு கட்டிக்கொண்டு, குளிர்காலம் முழுவதும் அடுத்த பூப்புக்குக் காத்திருக்கிறது.

திருநகர் வாசகி காய் பார்க்க விரும்பினால், பூ நன்றாக விரியும் அந்தி வேளையில், மெல்லிய தூரிகையால் மகரந்தத்தை எடுத்து, இன்னொரு யுக்காச் செடியின் பூவில், சூல்முடிக் குழிக்குள் அழுத்தி வைக்கலாம். அந்த இன்னொன்று உங்கள் செடியிலிருந்து பிரித்த பக்கக் கன்றாக இருக்கக் கூடாது; வேறு வீட்டுச் செடியாக இருந்தால் நல்லது.