போன இடத்தில் பிள்ளைக்கு அடிபட்டால்: குழந்தைகள் நல மருத்துவரின் பதில்கள்

சனி, ஞாயிறு இரண்டு நாள் ஈசிஆர் பக்கமோ ஏலகிரிக்கோ போய் வந்த குடும்பங்கள் திங்கட்கிழமை கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். விழுந்துவிட்டான், கிழித்துக்கொண்டாள், சுட்டுக்கொண்டான். காயம் பெரும்பாலும் சின்னதாக இருக்கும். அதன்மேல் பதற்றத்தில் அப்பியதைக் கழுவி எடுப்பதுதான் எங்களுக்கும் பிள்ளைக்கும் பெரும்பாடு. இந்த வாரம் வந்தவற்றில் சில.

மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறைக்குப் பக்கத்தில் என் நான்கு வயது மகன் சறுக்கி விழுந்தான். பின்மண்டையில் எலுமிச்சம்பழம் அளவு வீங்கிவிட்டது. உடனே அழுதான், கொஞ்ச நேரத்தில் விளையாடவும் போய்விட்டான். தூங்கவே கூடாது என்று சொன்னதால் சென்னை வரும்வரை காரில் எழுப்பிக்கொண்டே வந்தோம். ஸ்கேன் எடுக்க வேண்டுமா டாக்டர்?
– மடிப்பாக்கம் வாசகி

உடனே அழுதான் என்பதும், திரும்ப விளையாடப் போனான் என்பதும் எனக்கு நிம்மதி தரும் செய்திகள். மண்டைத் தோலில் ரத்தக் குழாய்கள் அதிகம். அதனால் லேசான இடிக்கும் பெரிதாகப் புடைத்துவிடும். புடைப்பின் அளவைப் பார்த்து உள்ளே அடிபட்டிருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு நெற்றியைத் தவிர வேறு இடத்தில் மெத்தென்று வீங்கினால் மட்டும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

தூக்கத்தைத் தடுக்க வேண்டியதில்லை. வெயிலில் ஓடி, அழுது களைத்த பிள்ளை தூங்கத்தான் செய்யும். அன்றிரவு இரண்டு மூன்று முறை லேசாகத் தட்டிப் பாருங்கள். சிணுங்கிக்கொண்டே "விடும்மா" என்று திரும்பிப் படுத்தால் அதுவே போதும். எழுப்பியும் எழாவிட்டால், ஒன்றுக்கு மேற்பட்ட முறை வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால், மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரி வடிந்தால், தலைவலி நேரம் ஆக ஆகக் கூடினால் தாமதிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வழியில் இருந்தால் 108. இந்தக் கவனிப்பு முதல் 24 மணி நேரம் கட்டாயம். 48 மணி நேரம் வரை இருந்தால் நல்லது.

உங்கள் மகனுக்கு இவற்றில் எதுவும் இல்லையென்றால் ஸ்கேன் தேவைப்படாது. சிடி ஸ்கேனில் கதிர்வீச்சு உண்டு. பெற்றோரின் மன நிம்மதிக்காக மட்டும் அதைப் பிள்ளைக்குத் தர எனக்கு மனம் வராது. ஆனால் ஐந்தடிக்கு மேல் உயரத்திலிருந்து விழுந்திருந்தால், இரண்டு வயதுக்குக் கீழே என்றால் மூன்றடி, நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

வலிக்குப் பாராசிட்டமால் போதும். எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில். பாட்டிலில் உள்ள எண்ணைப் பாருங்கள். கடையில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என இரண்டு விதமும் கிடைக்கும். 16 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 240 மில்லிகிராம். முதல் வகையில் அது 10 மில்லி, இரண்டாவதில் 5 மில்லிக்கும் சற்றுக் குறைவு. "எப்போதும் கொடுக்கிற அளவு" என்று ஊற்றிவிடாதீர்கள்.

புதுச்சேரியில் வாடகை ஸ்கூட்டரின் சைலன்சரில் ஆறு வயது மகளின் கெண்டைக்கால் பட்டுவிட்டது. மாமியார் பற்பசை தடவினார். நான் தடுக்க, வீட்டில் மனஸ்தாபமே வந்துவிட்டது.
– கொளத்தூர் வாசகி

பற்பசை பட்டதும் ஜில்லென்று இருக்கும். அதனால்தான் பெரியவர்கள் கை அதைத் தேடுகிறது. பாசத்தில் செய்ததுதான், கோபிக்காதீர்கள். ஆனால் அது சூட்டை வெளியே விடாது. பிறகு சுரண்டி எடுக்கும்போது வெந்த தோலும் சேர்ந்து வரும். பேனா மை, மாவு, ஐஸ் கட்டி எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். ஐந்து நிமிடத்திலேயே பிள்ளை காலை இழுப்பாள், மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு முழு நேரமும் காட்டுங்கள். சுட்டு மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. கொப்புளத்தை உடைக்காதீர்கள். காயம் அவள் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ, முகம், மூட்டு, கைகளில் பட்டிருந்தாலோ மருத்துவர் பார்க்க வேண்டும்.

பீச்சில் இரண்டரை வயது பேத்தியை ஆளுக்கொரு கையாகப் பிடித்துத் தூக்கி ஆட்டிக்கொண்டு நடந்தோம். "விலுக்"கென்று கத்தினாள். அதிலிருந்து ஒரு கையை அசைக்கவே இல்லை. வீக்கமும் இல்லை.
– திருவான்மியூர் வாசகர்

ஐயா, இது முழங்கையில் சின்ன எலும்பு அதன் வளையத்திலிருந்து நழுவியதாக இருக்கலாம். ஒன்றிலிருந்து நான்கு வயதுக்குள் அடிக்கடி வருவது. மருத்துவர் கையைத் திருப்பி மடக்கினால் நொடியில் உள்ளே போய்விடும். பத்து நிமிடத்தில் பிஸ்கட்டுக்குக் கை நீட்டுவாள். உருவி விடுவது, சுளுக்கெடுப்பது, கட்டுப்போடுவது கூடாது. விழுந்து, வீங்கியிருந்தால் அது வேறு கதை. எக்ஸ்ரே பார்க்க வேண்டும். இனி தூக்குவதென்றால் அக்குளில் கை கொடுத்துத் தூக்குங்கள்.

ரிசார்ட்டில் இருந்த நாய்க்குட்டி மகன் கையில் பிறாண்டிவிட்டது. ரத்தம் வரவில்லை, குட்டிதானே என்று விட்டுவிட்டோம்.
– அம்பத்தூர் வாசகர்

விடாதீர்கள், இன்றே போங்கள். இந்தப் பக்கத்தில் நான் மன்றாடிக் கேட்கிற ஒரே பதில் இதுதான். குட்டிக்கும் வெறிநோய் இருக்கலாம். நோய் வெளிப்பட்ட பிறகு காப்பாற்ற அநேகமாக வழியே கிடையாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். நாளாகிவிட்டது என்று கழுவாமல் இருக்க வேண்டாம். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் வைக்காதீர்கள். ரத்தம் வராத கீறலுக்கும் தடுப்பூசி உண்டு. ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி, கிருமியை உடனே எதிர்க்கும் மருந்தான இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28ஆம் நாள் என நான்கு தவணை. முதல் ஊசியைப் போன ஊரிலேயே போட்டு, சீட்டை வாங்கிவந்து மீதியைச் சென்னையில் தொடரலாம். பத்தியம் தேவையில்லை. குரங்குப் பிறாண்டலுக்கும் இதேதான்.

ஒன்பது வயது மகனின் மேல் முன்பல் முழுசாக விழுந்துவிட்டது. பல்லைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.
– வளசரவாக்கம் வாசகி

ஒன்பது வயதில் மேல் முன்பல் என்றால் அது நிலைப்பல். வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடித்து, பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் கொண்டுபோனால் திரும்பப் பதிக்கலாம்; அரை மணிக்குள் என்றால் இன்னும் நல்லது. டீக்கடையில் காய்ச்சி ஆறிய பால் கேட்டால் கொடுப்பார்கள். காகிதத்தில் மடித்து வைத்தால் வேர் காய்ந்துவிடும். நாள் கடந்திருந்தாலும் காட்டுங்கள், இடத்தைக் காக்க வழி உண்டு. பால் பல்லைத் திரும்பப் பதிப்பதில்லை.

கோவளத்தில் சிப்பி கிழித்து எட்டு வயது மகள் பாதத்தில் காயம். டி.டி. ஊசி போட்டே ஆக வேண்டுமா?
– பெரம்பூர் வாசகர்

முதலில் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் ரத்தம் நிற்காது. பிறகு குடிக்கிற தண்ணீரால் மணல் போகும்வரை நன்றாகக் கழுவி மூடுங்கள். காப்பித்தூள், மஞ்சள் வேண்டாம். உதடு பிரிந்த மாதிரி திறந்திருந்தாலோ, உள்ளே சிப்பித் துண்டு உறுத்தினாலோ அன்றே காட்டுங்கள்.

ஊசி விஷயம் தடுப்பூசி அட்டையில் இருக்கிறது. ஒன்றரை வயதிலும் 5–6 வயதிலும் போடும் பூஸ்டர் வரை எல்லாம் முடிந்திருந்தால் எட்டு வயதில் இந்தக் காயத்துக்கு மறுபடி வேண்டாம். ஏதாவது விடுபட்டிருந்தால் போட வேண்டும். அட்டையை இப்போதே படமெடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கடற்கரையில் நிற்கும்போது அட்டை வீட்டு பீரோவில் இருக்கும்.