புராஸ்டேட் லேசர் ஆபரேஷன் முடிந்து ஒரு கிழமையில் ஊர் திரும்பலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 69 வயது. ஸ்கேனில் புராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள சுரப்பி) வீங்கி 95 கிராம். புற்றுநோய் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நாலு வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், இரத்தம் உறையாமலிருக்க குளோபிடோக்ரெல் மாத்திரை எடுக்கிறார். சென்னையில் லேசர் செய்துகொண்டு ஒரு கிழமையில் வந்துவிடலாம் என்கிறார்கள். சரியா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஒரு கிழமை போதாது. மூன்று கிழமை ஒதுக்குங்கள்.

வெளியே தையல் இல்லாததால் எல்லாம் முடிந்தது என்று தோன்றும். புண் உள்ளே இருக்கிறது. அதன் பொருக்கு இரண்டாம், மூன்றாம் கிழமையில்தான் உதிரும். அந்த நேரம் மலச்சிக்கலில் முக்கினாலோ கனமான பெட்டியைத் தூக்கினாலோ இரத்தம் கசிந்து கட்டியாகி, சிறுநீர் பாதையை அடைத்துவிடும். அப்போது 22 அளவு மூவழிக் கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போட்டு, கட்டிகளை உறிஞ்சி எடுத்துக் கழுவ வேண்டும். நடுராத்திரியில் இதைச் செய்யக்கூடியவர் ஊரில் யார் என்று புறப்படுமுன்பே விசாரித்து வையுங்கள்.

95 கிராம் என்றால் ஹோல்மியம் லேசர் முறையான ஹோலெப் பொருத்தமானது. தோடம்பழத் தோலை விட்டுவிட்டுச் சுளையை மட்டும் விரலால் கழற்றுவது போல, வளர்ந்த சதையை லேசரால் பிரித்துச் சிறுநீர்ப்பைக்குள் தள்ளி, மோர்செலேட்டர் கருவியால் அரைத்து உறிஞ்சி எடுப்பார்கள். ஆனால் ‘லேசர்’ என்ற சொல்லை மட்டும் நம்பி முன்பணம் கட்ட வேண்டாம். சில லேசர்கள் சதையை ஆவியாக்கிவிடும். பரிசோதனைக்கு அனுப்பச் சதை மிஞ்சாது. ஹோலெப் தானா, செய்பவர் இதுவரை எத்தனை செய்திருக்கிறார் என்று கேளுங்கள். கை படியவே ஐம்பது வரை ஆகும் முறை இது. எடுத்த சதையின் பயாப்ஸி முடிவு கையில் வராமல் கிளம்பாதீர்கள். எதிர்பாராத புற்றுநோய் சிலருக்கு அதில்தான் தெரியவரும்.

குளோபிடோக்ரெல் பொதுவாக 5 முதல் 7 நாள் முன்பு நிறுத்தப்படும். ஆஸ்பிரின் பெரும்பாலும் தொடரும். இதை முடிவு செய்ய வேண்டியவர் இதய மருத்துவர். அவர் கைப்பட எழுதிய கடிதம் வேண்டும்.

சிறுநீர்க் கல்ச்சரை ஊரிலேயே, பத்து நாள் முன்பு செய்துவிடுங்கள். கிருமி இருந்தால் மருந்து முடியும்வரை ஆபரேஷன் தள்ளிப்போகும். விடுதி வாடகைதான் ஏறும்.

இந்தியாவின் இ-மெடிக்கல் விசா 60 நாள் தரும், உதவிக்கு இருவர் வரலாம். அவசரப்படத் தேவையே இல்லை. ஆபரேஷனில் போட்ட கதீட்டரை எடுத்தபின் சில கிழமை சிறுநீர் சொட்டும். பேட் வாங்கி வையுங்கள். சிறுநீரை அடக்க உதவும் இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை ஆபரேஷனுக்கு முன்பே தொடங்கலாம்.

கேள்வி: இந்த ஆபரேஷனுக்குப் பிறகு தாம்பத்தியம் பாதிக்குமா?
– வாசகர், மட்டக்களப்பு

பதில்: விறைப்பு பெரும்பாலும் பாதிக்காது. ஆனால் பெரும்பாலானோருக்கு விந்து வெளியே வராமல் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போகும். அது கெடுதல் இல்லை. இனிமேலும் குழந்தை வேண்டும் என்றால் விந்தணுவை முன்கூட்டியே சேமித்து வையுங்கள்.

கேள்வி: கதீட்டரோடு விமானம் ஏறலாமா?
– வாசகர், கொழும்பு

பதில்: சிறுநீர் தெளிவாக இருந்தால் ஏறலாம். ஏறுமுன் பையைக் காலி செய்யுங்கள், எப்போதும் இடுப்புக்குக் கீழே வைத்திருங்கள். சிறுநீர் சிவப்பாகவோ கட்டியோடோ வந்தால் டிக்கெட்டை மாற்றிவிடுங்கள்.