கம்ப்யூட்டர் கேள்வி-பதில்: பிராசஸருக்கு முன்னால் ஒரு நோட்டு

கேள்வி: வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். பத்து வருடமாக ஓடும் என் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 ஏறாது என்று வந்துவிட்டது. கல்லூரியில் படிக்கும் மகன், "பார்ட்ஸ் வாங்கி நாமே அசெம்பிள் பண்ணலாம்மா, லினக்ஸ் போட்டுக்கலாம்" என்கிறான். அவனுக்கு வீடியோ எடிட்டிங் செய்ய வேண்டும். எனக்கோ ஒருநாள்கூட வேலை நிற்கக் கூடாது. எதிலிருந்து தொடங்குவது? - ஒரு வாசகி

பதில்: பிராசஸர் எது என்ற பேச்சை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள் அம்மா. அந்த ஒரு வாரமும் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும். நீங்களும் மகனும் திறக்கிற ஒவ்வொரு மென்பொருளின் பெயரையும் அதில் எழுதுங்கள். மாதம் ஒருமுறை தொடும் ஸ்கேனர், பிரிண்டர், டிஜிட்டல் கையெழுத்துக்காகச் செருகும் டாங்கிள் எதையும் விட்டுவிடாதீர்கள். புதுக் கம்ப்யூட்டர் வந்த பிறகு ஆட்கள் என்னைக் கூப்பிடுவது பெரும்பாலும் இந்தச் சின்னச் சாமான்களுக்காகத்தான்.

எந்த ஆபரேட்டிங் சிஸ்டம், விண்டோஸா லினக்ஸா என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும். உங்களுக்கு வேலை தருபவர்கள் டிராடோஸ் என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளின் கோப்புகளாக அனுப்புகிறார்களா? டிராடோஸ் ஸ்டுடியோ விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அப்படியானால் உங்களுக்கு விண்டோஸ்தான், விவாதமே வேண்டாம். வெறும் வேர்டு கோப்புகள்தான் என்றால் ஒமேகாடி என்ற இலவச மொழிபெயர்ப்பு மென்பொருள் இருக்கிறது, லினக்ஸிலும் ஓடுகிறது. லிப்ரே ஆபீஸ் என்ற இலவச ஆபீஸ் மென்பொருள் வேர்டு கோப்பைத் திறக்கும், திருத்தங்களையும் குறிப்புகளையும் காட்டும். ஆனால் அட்டவணை நிறைந்த பக்கங்கள் கொஞ்சம் நகர்ந்துவிடும். கூலி வாங்கிக்கொண்டு கோப்பு ஒப்படைப்பவருக்கு அந்தக் கொஞ்சமே பெரிய தலைவலி.

மகனின் பக்கமும் பார்க்க வேண்டும். டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருள் லினக்ஸுக்கு இருக்கிறது. நான் அதன் இலவசப் பதிப்பை லினக்ஸில் போட்டுப் பார்த்தபோது மொபைலில் எடுத்த எச்.264 வீடியோக்களை அது ஏற்கவில்லை, எல்லாவற்றையும் வேறு வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. கேடென்லைவ் என்ற இன்னொரு எடிட்டிங் மென்பொருள் அந்தத் தொல்லை தராது. முப்பரிமாண வேலைக்கான பிளெண்டர், படம் திருத்தும் ஜிம்ப், படம் வரையும் இங்க்ஸ்கேப் மூன்றும் லினக்ஸில் நன்றாகவே ஓடுகின்றன. போட்டோஷாப் அங்கே கிடையாது.

நான் உங்கள் வீட்டில் இருந்தால் புதுப் பெட்டியில் விண்டோஸ் 11 போட்டுவிட்டு, பழைய பெட்டியில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட் போட்டு மகன் கையில் கொடுப்பேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் புதிய தலைமுறை பிராசஸரும் இல்லை என்பதற்காக நல்ல கம்ப்யூட்டரைக் குப்பையில் போட எனக்கு மனம் வராது. மின்ட் 22, உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸின் மேல் கட்டியது. 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். அதை ஒரு பென் டிரைவில் ஏற்றி, உள்ளே எதையும் அழிக்காமல் அப்படியே ஓட்டிப் பார்க்கலாம். உங்கள் பிரிண்டரும் வைஃபையும் வேலை செய்கின்றனவா என்று ஒரு மாலையில் தெரிந்துவிடும்.

இப்போது பார்ட்ஸ். ஏஎம்டி கம்பெனியின் ஏஎம்5 சாக்கெட் (பிராசஸர் உட்காரும் இடம்) உள்ள மதர்போர்டும் ஆறு கோர் ரைசன் பிராசஸரும் உங்கள் இருவருக்கும் போதும். அந்த சாக்கெட்டை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. இதற்கு முந்தைய ஏஎம்4 2016-ல் வந்தது. அந்தக் காலத்து போர்டு பலவற்றில் பயாஸை, அதாவது போர்டுக்குள்ளேயே இருக்கும் தொடக்க மென்பொருளைப் புதுப்பித்து, 2022-ல் வந்த 5800எக்ஸ்3டி பிராசஸரைப் பூட்ட முடிந்தது. பெட்டியை மாற்றாமல் உள்ளே மட்டும் மாற்றும் வசதி வீட்டு உபயோகத்துக்கு உகந்தது. பிராசஸர் பெயரின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. ஆகவே 'எஃப்' இல்லாததை வாங்குங்கள், ஆரம்பத்தில் கிராபிக்ஸ் கார்டு வாங்காதீர்கள். மகன் எடிட்டிங்கில் நிலைத்து நிற்கட்டும், பிறகு பூட்டலாம். அதற்கு இடம்விட்டுத்தான் இப்போதே கேபினெட்டும் 650 வாட் பவர் சப்ளையும் வாங்கச் சொல்கிறேன்.

ரேம் 32 ஜிபி, இரண்டு 16 ஆக. நான்கு துண்டு போட்டால் இந்த போர்டில் போடும் டிடிஆர்5 வகை ரேம் வேகம் குறைத்துக்கொள்ளும். கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி, வேகமான என்விஎம்இ வகையில் ஒரு டெராபைட்.

பவர் சப்ளையைப் பற்றி மட்டும் நிறையச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். '80 பிளஸ்' முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் போகிறது என்பதைத்தான் சொல்கிறது. தரத்துக்கு அது ஜாமீன் இல்லை. சில வருடங்களுக்கு முன் என் பவர் சப்ளை செத்துப்போனது. வேறு கம்பெனியுடையதை வாங்கினேன். இரண்டுமே கேபிளைக் கழற்றி மாட்டும் மாடுலர் வகை. பழைய கேபிள்கள் உள்ளே அழகாகக் கட்டியிருந்தன, அவற்றைப் பிரிக்க மனமில்லாமல் புது பவர் சப்ளையில் அப்படியே செருகினேன். கச்சிதமாகப் பொருந்தியது. சுவிட்சைப் போட்டதும் கருகல் வாடை. இரண்டு ஹார்டு டிஸ்க்கும் போய்விட்டன. டிஸ்க் பக்கத்து முனை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான், பவர் சப்ளை பக்கத்து முனையில் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் மாடலுக்கு மாடல் மாறும். ஒரு டிஸ்க்கில் என் அக்கா மகளின் முதல் வருடப் படங்கள் இருந்தன. அவற்றின் பேக்கப் இருந்தது இரண்டாவது டிஸ்க்கில், அதே பெட்டிக்குள்.

ஆகவே வெளியே தனியாக ஒரு டிஸ்க் வாங்குங்கள். காப்பி எடுத்ததும் கழற்றி அலமாரியில் வையுங்கள். பணம் இடித்தால் எஸ்எஸ்டியின் அளவைப் பாதியாக்குங்கள், இதைக் கைவிடாதீர்கள்.

கேள்வி: நானே அசெம்பிள் செய்தேன். விசிறிகள் சுற்றுகின்றன, விளக்கு எரிகிறது, திரை மட்டும் இருட்டு. ஏதாவது எரிந்துவிட்டதா? - ஒரு மாணவர்

பதில்: விசிறி சுற்றுகிறதே தம்பி, பயப்படாதே. டிடிஆர்5 ரேம் என்றால் முதல் தடவை போர்டு ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும், அதுவரை திரை இருட்டாகவே இருக்கும். கால் மணி நேரம் தொடாமல் விடு. பிறகும் வராவிட்டால் மின் இணைப்பை எடுத்துவிட்டு இந்த வரிசையில் பார். மானிட்டர் கேபிள் மதர்போர்டிலா, கிராபிக்ஸ் கார்டிலா? கார்டு இருந்தால் கார்டில்தான் செருக வேண்டும். பிராசஸருக்குப் பக்கத்தில், போர்டின் மேல் மூலையில் இருக்கும் 8 பின் கேபிளை மாட்டினாயா? பலர் மறப்பது அதைத்தான். ரேமைக் கழற்றி 'கிளிக்' சத்தம் வரும்வரை அழுத்து. முதலில் ஒரே ஒரு துண்டை பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் வைத்துப் பார். திரை வந்ததும் பயாஸில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி என்ற ரேம் வேக அமைப்பை ஆன் செய். இல்லையென்றால் 6000 என்று வாங்கிய ரேம் 4800-லேயே ஓடிக்கொண்டிருக்கும்.

கேள்வி: ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸும் லினக்ஸும் வைத்துக்கொள்ளலாமா? தமிழ் தட்டச்சு எப்படி? - ஒரு வாசகர்

பதில்: தாராளமாக. இரண்டுக்கும் தனித்தனி எஸ்எஸ்டி வைத்தால் ஒன்றின் கோளாறு மற்றதைத் தொடாது. முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ். விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை, அந்த நிலையில் லினக்ஸிலிருந்து அந்த டிஸ்க்கில் எழுதினால் கோப்புகள் கெடலாம். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் ரெக்கவரி எண்ணைக் காகிதத்தில் எழுதி வைத்த பிறகே பயாஸில் கை வையுங்கள். கடிகாரம் சில மணி நேரம் தப்பாகக் காட்டினால் பழுது இல்லை. விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் லினக்ஸ் உலகப் பொது நேரத்தையும் போர்டில் எழுதி வைப்பதால் வரும் குழப்பம் அது.

தமிழ்99 விசைப்பலகை இரண்டிலும் கிடைக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள்தான் கவலை. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். பழைய கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கும்போதே எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதை ஒருமுறை கண்ணால் படித்துச் சரிபார்த்துவிடுங்கள்.