ஆந்திர எல்லையில் டிடி தமிழ் தெரிய

கேள்வி: ஆந்திராவில் சூலூர்ப்பேட்டையில் குடியிருக்கிறோம். முன்பு மொட்டைமாடி ஆண்டெனாவில் சென்னைத் தூர்தர்ஷன் வரும். இப்போது வெறும் புள்ளிதான். மாதக் கட்டணமில்லாமல் டிடி தமிழ் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் ஆண்டெனாவை உயர்த்தவோ பூஸ்டர் மாட்டவோ காசு செலவழிக்காதீர்கள். தரைவழி அனலாக் டிரான்ஸ்மிட்டர்களைத் தூர்தர்ஷன் 2022 மார்ச்சுக்குள் படிப்படியாக நிறுத்திவிட்டது. முக்கிய இடங்களில் சுமார் 50 மட்டும் மிச்சம். சென்னைத் தரைவழி ஒளிபரப்பு இருந்த காலத்திலும் உங்கள் ஊர் அதன் விளிம்பில்தான் இருந்தது. 150 மீட்டர் கோபுரத்திலிருந்து 9 மீட்டர் உயர ஆண்டெனாவுக்கு அலை நேராக எட்டும் தூரம் ஏறத்தாழ 63 கி.மீ. நீங்கள் இருப்பதோ சுமார் 80 கி.மீ. தள்ளி. கடலோர வெப்பக்காற்று அடுக்கு அலையை வளைத்துக் கொடுத்த இரவுகளில் படம் பளிச்சென்று வந்திருக்கும்.

இப்போதைய வழி டிடி ஃப்ரீ டிஷ், அதாவது தூர்தர்ஷனின் மாதக் கட்டணமில்லாத செயற்கைக்கோள் சேவை. ஜிசாட்-15 செயற்கைக்கோள் நாடு முழுக்க ஒரே வீச்சில் அனுப்புவதால் மாநில எல்லை குறுக்கே வராது. டிடி தமிழோடு (2024 ஜனவரி வரை பொதிகை) தெலுங்கு சப்தகிரியும் அதே டிஷ்ஷில் கிடைக்கும்.

வாங்க வேண்டியவை: 60 செ.மீ. டிஷ், யுனிவர்சல் எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் நின்று அலையை வாங்கும் கருவி), ஆர்ஜி-6 கேபிள், எம்பெக்-4 (புதிய வீடியோ வடிவம்) செட் டாப் பாக்ஸ். எம்பெக்-2 பாக்ஸ் மலிவுதான், ஆனால் சில சேனல்கள் அதில் திறக்காது.

உங்கள் ஊரிலிருந்து செயற்கைக்கோள் சரியாகத் தென்கிழக்கில், 67 டிகிரி உயரத்தில் நிற்கிறது. ஆஃப்செட் டிஷ் (எல்என்பி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி நிற்கும் வகை) என்பதால் முகம் அவ்வளவு நிமிர்ந்து தெரியாது. 43 டிகிரிதான் இருக்கும். பாக்ஸில் அலைவரிசை 11090, போலரைசேஷன் வெர்டிகல், சிம்பல் ரேட் 29500 என்று கொடுத்து டிஷ்ஷை மயிரிழையாக நகர்த்துங்கள். பார்க்க வேண்டியது குவாலிட்டி அளவை மட்டுமே. ஸ்ட்ரெங்த் வெற்று வானத்தைப் பார்த்தாலும் காட்டும். குவாலிட்டி வந்ததும் எல்என்பியைத் தன் பிடிக்குள் மெல்லத் திருப்பி, உச்சம் தொடும் இடத்தில் இறுக்குங்கள். பலர் விட்டுவிடும் வேலை இது. மழையில் படம் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஸ்கேன் செய்தபின் பூட்டிய கட்டணச் சேனல்களே வந்தால், டிஷ் 93.5 டிகிரி கிழக்கில் உள்ள ஜிசாட்-15-ஐ விட்டு, ஒன்றரை டிகிரி தள்ளி 95-இல் உள்ள வேறு செயற்கைக்கோளைப் பிடித்திருக்கலாம். கொஞ்சம் தெற்கே திருப்புங்கள்.

உப்புக்காற்று ஊர் என்பதால் எஃப் கனெக்டரை (கேபிள் முனையில் திருகும் இணைப்பு) ரப்பர் டேப்பால் சுற்றி, கேபிளை எல்என்பிக்குக் கீழே ஒரு வளையம் தொங்கவிட்டு இறக்குங்கள். சேனல் திடீரென மறைந்தால் டிஷ்ஷைத் தொடாமல் முதலில் ரீஸ்கேன். ஃப்ரீ டிஷ்ஷில் சேனல் இடங்களுக்கு நடக்கும் ஏலத்துக்குப் பிறகு சேனல்கள் இடம் மாறுவது வழக்கம்.