சத்தத்துக்கு அஞ்சும் தத்து நாய்: கேள்வி பதில்

காப்பகங்களிலிருந்தும் தெருவிலிருந்தும் வீடு வந்து சேர்ந்த நாய்களின் நடத்தைச் சிக்கல்களைக் கவனிப்பது என் வேலை. இன்று சத்தப் பயம் பற்றி மட்டும் கேளுங்கள். நான் கால்நடை மருத்துவர் அல்ல; எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று கேட்டால் சொல்ல மாட்டேன். கேள்வியை எழுதுவதற்கு முன் எழுந்துபோய் வாசல் கதவு, ஜன்னல், பால்கனிக் கதவு எல்லாம் தாழிட்டிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வாருங்கள். மிரண்ட நாய் வெளியே போகத்தான் வழி தேடும்.

ஜூலி அம்மா: எங்கள் ஜூலி காப்பகத்திலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகிறது. முதல் இரண்டு வாரம் எந்தச் சத்தத்துக்கும் அசையவில்லை. இப்போது மிக்ஸி ஓடினாலே கட்டிலுக்கடியில் போய்விடுகிறாள். நாங்கள் ஏதாவது தவறு செய்துவிட்டோமா, அக்கா?

பதில்: நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை, அம்மா. முதல் இரண்டு வாரம் நீங்கள் பார்த்தது தைரியம் அல்ல. புது இடத்தில் பல நாய்கள் அப்படியே ஒடுங்கிக் கிடக்கும். ஒரு மூலையில் சுருண்டு படுத்திருக்கும், வாலை ஆட்டாது, தட்டில் வைத்ததை இரவில் எல்லோரும் தூங்கிய பிறகுதான் தின்னும். வீட்டார் ‘எவ்வளவு சாது!’ என்று மகிழ்வார்கள். வீடு கொஞ்சம் பழகியதும்தான் உள்ளே இருக்கும் பயம் வெளியே தெரியத் தொடங்கும். ஜூலி ஓடி ஒளிகிறாள் என்றால், ஒளிய ஓர் இடம் இருக்கிறது என்ற நம்பிக்கை அவளுக்கு வந்திருக்கிறது. கட்டிலுக்கடியிலிருந்து அவளை இழுக்காதீர்கள். அங்கேயே ஒரு பழைய போர்வையை விரித்து விடுங்கள்.

மிக்ஸி எப்போது ஓடும், எவ்வளவு நேரம் ஓடும் என்பது உங்கள் கையில் இருப்பதால், பழக்குவதற்கு அதைவிட எளிதான சத்தம் கிடையாது. ஜூலியை வீட்டின் மறுகோடிக்கு அழைத்துப் போங்கள். ஒருவர் ஒரே ஒரு வினாடி மிக்ஸியைப் போட்டு நிறுத்தட்டும். சத்தம் கேட்ட அடுத்த நொடி, அவளுக்கு மிகவும் பிடித்த தீனியைத் தரையில் போடுங்கள். முதலில் சத்தம், பிறகு தீனி. இந்த வரிசை மாறவே கூடாது. தீனியை முதலில் காட்டிவிட்டுச் சத்தம் போட்டால், ‘இதை நீட்டினார்கள் என்றால் அந்தச் சத்தம் வரப்போகிறது’ என்று கற்றுக்கொண்டு தீனியைக் கண்டே ஓடுவாள். அவள் காது மட்டும் திரும்பினால் தூரம் சரி. தீனியை மோந்து பார்த்துவிட்டு வாயில் எடுக்காமல் நின்றால் மிக அருகில் இருக்கிறீர்கள் என்று பொருள். இன்னும் தள்ளிப் போங்கள். ஒரு நாளைக்குச் சில நிமிடங்கள் போதும்.

இந்த வழிக்கு நூறாண்டு வயது. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டு நடுங்கிய ஒரு சிறுவனுக்குப் பிடித்த உணவைக் கொடுத்தபடி முயலைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவந்தார். கடைசியில் அந்தப் பையன் முயலைத் தொட்டு விளையாடினான். நாய்க்கும் அதேதான், அவசரம் மட்டும் கூடாது.

டைகர் அப்பா: வெடிச்சத்தத்துக்கு என்ன மாத்திரை கொடுக்கலாம்?

பதில்: மருத்துவரிடம் கேளுங்கள். உங்கள் வீட்டில் மனிதருக்காக வாங்கி வைத்திருக்கும் தூக்க மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

மணியின் அக்கா: மணி தெருவில் இருந்தவன். யாரோ வாலில் வெடி கட்டிக் கொடுமை செய்திருக்க வேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் அழுகை வருகிறது.

பதில்: அப்படி நடந்திருக்கலாம், நடக்காமலும் இருக்கலாம். ஏறத்தாழ மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரை ஒரு குட்டி எதையெல்லாம் பார்த்துக் கேட்டு வளர்கிறதோ அதெல்லாம் அதற்கு இயல்பானவை ஆகிவிடும். அந்தக் காலத்தை ஓர் அமைதியான மூலையில் கழித்த குட்டிக்கு, யாருமே அடிக்காவிட்டாலும் பின்னாளில் சத்தம் பயங்கரமாகப் படலாம். பரம்பரைக்கும் பங்கு உண்டு. மணியின் கடந்தகாலம் நமக்குத் தெரியவராது. தெரிந்தாலும் செய்ய வேண்டிய வேலை மாறாது.

கருப்பன் வீட்டில்: கருப்பனுக்கு எட்டு வயது. தத்தெடுத்து ஐந்து வருடம் ஆகிறது. இடி, வெடி எதற்கும் அஞ்சியதில்லை. போன வருடத்திலிருந்து கதவு அறைந்தால்கூட நடுங்குகிறான். வெளியில் மற்ற நாய்களையும் தவிர்க்கிறான். வயதாவதால் வரும் பயமா?

பதில்: இந்தக் கேள்விக்காகவே இன்று வந்ததாக நினைத்துக்கொள்கிறேன். கருப்பனுக்கு வலி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சத்தப் பயத்துக்காக அழைத்து வரப்பட்ட 20 நாய்களின் குறிப்புகளை ஒப்பிட்டார்கள். பாதி நாய்களுக்குத் தசை, மூட்டு வலி இருந்தது. மீதிப் பாதிக்கு இல்லை. வலியுள்ள நாய்களுக்குப் பயம் தொடங்கிய வயது, மற்றவற்றைவிடச் சராசரியாக ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தள்ளியிருந்தது. மற்ற நாய்களைத் தவிர்ப்பதும் வலியுள்ளவற்றில் அதிகம். கருப்பனின் கதையை அப்படியே எழுதி வைத்தது போல இருக்கிறது. திடுக்கிடும்போது உடம்பு முழுவதும் இறுகும். இடுப்பு மூட்டு ஏற்கெனவே நொந்திருந்தால் அந்த இறுக்கமே வலிக்கும். சத்தம் வந்தால் வலிக்கிறது என்று நாய் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. ஆய்வு சிறியதுதான். ஆனால் வலிக்கு மருத்துவம் பார்த்த பிறகு தேறிய நாய்களைப் பற்றியும் அதில் எழுதியிருக்கிறார்கள்.

வீட்டிலேயே நீங்கள் கவனிக்கக்கூடியவை சில உண்டு. படுத்து எழும்போது முதலில் முன்னங்கால்களை ஊன்றித் தயங்குகிறானா? முன்பு ஒரே தாவாகத் தாவிய சோபாவின் முன் நின்று யோசிக்கிறானா? பின்னங்கால் நகங்கள் தரையில் உரசித் தேய்ந்திருக்கின்றனவா? அவன் நடப்பதையும் படியேறுவதையும் கைப்பேசியில் படம் பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள். மருத்துவமனையின் பதற்றத்தில் நொண்டும் நாய்கூடச் சரியாக நடந்து காட்டிவிடும். வலி இருப்பதாகத் தெரிந்தால், அதைத் தணித்த பிறகே பயிற்சி.

புது வளர்ப்பாளர்: இடிக்கு மாத்திரை உண்டா?

பதில்: டைகர் அப்பாவுக்குச் சொன்னதேதான்.

ராக்கி அண்ணன்: நீங்கள் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. என் பயிற்சியாளர் இருபது வருட அனுபவம் உள்ளவர். பயந்த நாயைத் தடவிக் கொடுத்தால், தீனி போட்டால், ‘பயந்தால் பரிசு கிடைக்கும்’ என்று அது கற்றுக்கொள்ளும் என்கிறார். வெடி வெடிக்கும்போது ராக்கியைப் பால்கனியில் கட்டிவிட்டு நான் கண்டுகொள்வதே இல்லை. இப்போது சத்தமே போடாமல் இருக்கிறான்.

பதில்: ராக்கியை இன்றே பால்கனியிலிருந்து உள்ளே கொண்டுவாருங்கள், அண்ணா. மற்றதைப் பிறகு பேசுவோம். கட்டிய நாய் பால்கனிச் சுவரைத் தாண்டிக் குதித்தால் கழுத்துப்பட்டையிலேயே தொங்கிவிடும்.

உங்கள் பயிற்சியாளர் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாக்குகிறார். உட்காருவது, கை கொடுப்பது ஆகியவை நாய் செய்யும் செயல்கள். பரிசு கொடுத்தால் கூடும். பயம் செயல் அல்ல, உணர்ச்சி. நெஞ்சு படபடப்பதையும் உள்ளங்கால் வியர்ப்பதையும் ராக்கி தேர்ந்தெடுத்துச் செய்வதில்லை. பயந்த நேரத்தில் நல்லது கிடைத்தால் பயம் வளரும் என்பது உண்மையானால், மேரி கவர் ஜோன்ஸின் அந்தச் சிறுவன் முயலைக் கண்டு இன்னும் அதிகமாக அலறியிருக்க வேண்டும்.

ஜூலி அம்மா: என் மாமியாரும் அதையேதான் சொல்கிறார். தடவினால் செல்லம் ஏறிவிடுமாம்.

ராக்கி அண்ணன்: அனுபவத்தைப் புத்தகத்தால் மறுக்க முடியாது. நான் தடவிக்கொடுத்த காலத்தில் ஒவ்வொரு வெடிக்கும் என் மடியில் வந்து விழுவான். தடவுவதை நிறுத்தினேன், அவனும் நின்றுவிட்டான். இது கற்றல் இல்லையா?

பதில்: கற்றல்தான். என்ன கற்றான் என்பதில்தான் நமக்குள் வேறுபாடு. முன்பு பயம் வந்தால் உங்களிடம் வரலாம் என்று கற்றிருந்தான். இப்போது வந்து பயனில்லை என்று கற்றிருக்கிறான். உங்களிடம் வருவது கூடலாம், குறையலாம். உள்ளே இருக்கும் பயம் அதனால் குறைவதில்லை. ராக்கி சத்தம் போடவில்லை என்கிறீர்கள். அடுத்த முறை அருகில் போய்ப் பாருங்கள். வாய் இறுக மூடியிருக்கிறதா? கருவிழி விரிந்து வெள்ளை தெரிகிறதா? குளிர்ந்த தரையில் அவன் பாதம் பட்ட இடத்தில் ஈரத்தடம் இருக்கிறதா? கொட்டாவியும், உதட்டை நக்குவதும், உதிரும் முடியும் இருக்கின்றனவா? நாய் அமைதியாக இருப்பதற்கும் செயலற்று உறைந்து போவதற்கும் வேறுபாடு அங்கேதான் தெரியும்.

அனுபவம்தான் வேண்டும் என்றால், சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபானி ரீமர் 1225 நாய் வளர்ப்பாளர்களிடம் வெடிப் பயத்துக்கு எது பலனளித்தது என்று கேட்டு 2020இல் வெளியிட்டார். சத்தம் கேட்டவுடன் தீனியோ விளையாட்டோ கொடுத்தவர்களில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பலன் இருந்தது என்றார்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தும், ஓய்வாகப் படுக்கக் கற்றுக்கொடுப்பதும் 69 விழுக்காடு. மூலிகை, ஹோமியோபதி, மணப்பொருள் வகைகள் 27 முதல் 35 விழுக்காட்டுக்குள் நின்றுவிட்டன. இவை வளர்ப்பாளர்களே சொன்ன மதிப்பீடுகள், ஆய்வுக்கூட அளவீடு அல்ல. ஆனால் நீங்கள் கேட்டதும் அனுபவத்தைத்தானே?

மணியின் அக்கா: தடவினால் மணி விலகிப் போகிறானே. அப்போதும் தடவ வேண்டுமா?

பதில்: வேண்டாம். நல்ல வேளை, இதைக் கேட்டீர்கள். ஆறுதல் என்பது நாய் கேட்டால் கொடுப்பது. அருகில் வந்து சாய்ந்தால் கையை மெதுவாக வைத்திருங்கள். விலகினால் விட்டுவிடுங்கள். இறுக்கி அணைத்துக்கொண்டு ‘ஐயோ, செல்லமே’ என்று நீங்களும் பதறினால் அது ஆறுதல் ஆகாது.

ராக்கி அண்ணன்: பழகிப் போகும்வரை சத்தத்திலேயே வைத்திருப்பதுதான் வீரமான வழி என்று இன்னும் நம்புகிறேன்.

பதில்: தப்பிக்க வழியில்லாத இடத்தில் முழுச் சத்தத்தில் நிறுத்தினால் பல நாய்களுக்குப் பயம் இறங்காது, பரவும். முதலில் இடிக்கு அஞ்சும். பிறகு மழைக்கு, பிறகு காற்றுக்கு, கடைசியில் வானம் இருண்டாலே நடுங்கும். வீரம் ராக்கியிடமிருந்து நாம் எதிர்பார்க்க வேண்டியதே இல்லை. பால்கனியை விட்டு உள்ளே கொண்டுவாருங்கள் என்பதை மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன்.

குட்டன் வீட்டார்: காதில் பஞ்சு வைக்கலாமா?

பதில்: வேண்டாம். உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும், அதைத் திணிக்கும் போராட்டமே புதுப் பயமாகிவிடும்.

லைலா அண்ணி: வெடி, இடிச் சத்தப் பதிவுகளைப் போட்டுப் பழக்குவது பலிக்குமா?

பதில்: ஓரளவு. ரீமரின் கணக்கெடுப்பில் 55 விழுக்காட்டினர் பலன் கண்டிருக்கிறார்கள். நாயின் காது மட்டும் திரும்பும் அளவுக்குத் தாழ்வாகத் தொடங்குங்கள். நாய் ஏறக்குறைய 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நாம் 20,000. நமக்கு மெல்லியது அதற்கு மெல்லியதாக இருக்க வேண்டியதில்லை. தரை அதிர்வதும் மின்னல் வெட்டுவதும் பதிவில் வராது, ஆகவே பதிவுக்கு அசையாத நாய் உண்மையான இடிக்கு நடுங்கினால் ஏமாற்றம் அடையாதீர்கள். மழைக்காலத்தின் நடுவில் தொடங்குவதும் வேண்டாம்.

பிங்கி அப்பா: துணைக்கு இன்னொரு நாய் எடுத்தால் சரியாகுமா?

பதில்: இன்னொரு நாய் வேண்டும் என்று ஆசை இருந்தால் எடுங்கள். மருந்தாக எடுக்காதீர்கள்; இரண்டும் சேர்ந்து நடுங்கிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

ஜிம்மி வீட்டுக்காரர்: கூண்டுக்குள் பூட்டிவிட்டால் பாதுகாப்புதானே?

பதில்: கூண்டு பிடித்திருந்தால் கதவைத் திறந்தே வையுங்கள். பூட்டினால் கம்பியைக் கடித்துப் பல்லையும் நகத்தையும் உடைத்துக்கொள்ளும். பூட்ட வேண்டியது வாசல் கதவை.

சாம்பு அக்கா: நாளை இரவு எங்கள் பகுதியில் பெரிய வாணவேடிக்கை. பயிற்சிக்கு நேரமில்லை. சாம்பு ஒரு முறை கழுத்துப்பட்டையிலிருந்து நழுவி ஓடியிருக்கிறான். மருத்துவர் முன்பு கொடுத்த அசிப்ரொமசின் மாத்திரை மிச்சம் இருக்கிறது. கொடுத்துவிடட்டுமா?

பதில்: அந்த மாத்திரையைத் தனியாகக் கொடுக்காதீர்கள், அக்கா. அசிப்ரொமசின் உடம்பை அசையவிடாமல் செய்யும், பயத்தை எடுக்காது. நடுங்கக்கூட முடியாமல் கிடக்கும் நாயைப் பார்த்து, தூங்குகிறது என்று நாம் நினைத்துவிடுவோம். மருந்து கேட்ட மற்றவர்களும் இதைப் படியுங்கள். சத்தப் பயத்துக்கென்றே 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டெக்ஸ்மெடடோமிடின் களிம்பு உண்டு. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே தடவ வேண்டியது, விழுங்கினால் சரியாக வேலை செய்யாது. வேறு மருந்துகளும் உண்டு. எது சாம்புவுக்கு ஏற்றது என்பதை அவனுடைய இதயம், கல்லீரல், ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகள் ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டும். இப்போதே தொலைபேசியில் அழைத்து, ‘வாணவேடிக்கை, நாளை இரவு’ என்று சொல்லுங்கள். புது மருந்து என்றால், சத்தம் இல்லாத நேரத்தில் ஒரு முறை கொடுத்துப் பார்க்கலாமா என்றும் கேளுங்கள். சில நாய்களுக்கு மருந்தே எதிர்மாறாகப் பரபரப்பைத் தரும்; அது வெடிகளுக்கு நடுவே தெரியவரக் கூடாது.

நாளை இருட்டுவதற்கு வெகுநேரம் முன்பே நடைக்கு அழைத்துப் போய் வந்துவிடுங்கள். கழுத்துப்பட்டை, மார்புப்பட்டை இரண்டையும் போட்டு இரண்டிலும் வாரை மாட்டுங்கள். அவன் தோலுக்கடியில் வைத்த அடையாள மைக்ரோசிப்பின் பதிவில் உங்கள் இப்போதைய தொலைபேசி எண் இருக்கிறதா என்று பாருங்கள். காப்பகத்தின் எண்ணே இருந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. வீட்டின் நடு அறையில், அவன் வழக்கமாக ஒளியும் இடத்தில் படுக்கையைப் போட்டுத் திரையை இழுத்துவிட்டு, விளக்கை எரியவிட்டு, மின்விசிறியையும் ஓடவிடுங்கள். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு ஒரு துண்டு தீனி. வாங்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம், அருகில் உட்கார்ந்திருங்கள். தரையில் சிறுநீர் போனால் பேசாமல் துடைத்துவிடுங்கள். யாராவது வாசல் கதவைத் திறப்பதாக இருந்தால், அதற்கு முன் சாம்பு இருக்கும் அறைக் கதவை மூட வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும், விருந்தாளிகளுக்கும் சொல்லிவையுங்கள்.