நாற்பது டிராக்கும் நாலு வயலினும்

கேள்வி: வீட்டில் லேப்டாப்பில் நானே பாட்டு ரெக்கார்ட் செய்கிறேன். நண்பன் ஒருவன் வயலின் வாசிப்பான். சில மாதங்களாக டி. ரெக்ஸ் என்ற எழுபதுகளின் ஆங்கில ராக் குழுவின் பழைய பாட்டுகள் மேல் பைத்தியமாக இருக்கிறோம். என் பாட்டில் நாற்பது டிராக் (தனித்தனியாகப் பதிந்து அடுக்குகிற ஒலி) போட்டும் அந்த மினுமினுப்பு வரமாட்டேன் என்கிறது. அந்த ஒலிக்குக் காரணம் டோனி விஸ்கான்டி என்ற தயாரிப்பாளர் என்று படித்தேன். 'தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர், அவருக்கும் ஒலிக்கும் என்ன சம்பந்தம்?' என்கிறான் நண்பன். ஆங்கிலப் பாடகர் டேவிட் போவியின் 'ஸிக்கி ஸ்டார்டஸ்ட்' ஆல்பமும் விஸ்கான்டி செய்ததுதான் என்று நான் சொல்ல, இல்லை என்று அவன் சொல்ல, ஒரு பிரியாணி பந்தயம் கட்டியிருக்கிறோம். யார் சொல்வது சரி?

— பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகர், மதுரை

பதில்: தம்பி, உங்கள் நண்பரைக் குற்றம் சொல்ல முடியாது. நம் ஊரில் தயாரிப்பாளர் என்றால் பூஜை போட்டு, வட்டிக்கு வாங்கி, ரிலீஸ் தேதி வரை தூங்காமல் இருக்கிறவர். இசைத்தட்டு உலகில் அதே பெயரில் உட்கார்ந்திருப்பவர் வேறு ஆள். பாட்டு எந்த வேகத்தில் போகவேண்டும், எந்த வாத்தியம் வேண்டும், எது வேண்டாம், குரலை எவ்வளவு முன்னால் நிறுத்துவது, எத்தனையாவது முறை பதிந்ததோடு போதும் என்று எழுந்திருப்பது, இதெல்லாம் அவர் பார்க்கிற வேலை. நம் சினிமாவில் இசையமைப்பாளரும் ஒலிப்பதிவாளரும் பங்கு போட்டுக்கொள்கிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விஸ்கான்டி நியூயார்க்கின் புரூக்ளினில் 1944-ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே உகுலேலே என்ற குட்டிக் கிட்டார், அப்புறம் பெரிய கிட்டார், பேஸ் கிட்டார். டென்னி கார்டெல் என்ற லண்டன் தயாரிப்பாளர் நியூயார்க்குக்கு ஒரு ரெக்கார்டிங்குக்காக வந்தபோது, வாசிப்பவர்கள் கையில் கொடுக்க நோட்டேஷனே எழுதி வரவில்லை. அதை உட்கார்ந்து மளமளவென்று எழுதிக் கொடுத்தவர் விஸ்கான்டி. அந்தப் பழக்கத்தில்தான் 1967-ல் லண்டனுக்குப் போனார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவருடைய அடிப்படைத் தொழில் பொத்தான் திருகுவதல்ல. ஸ்வரம் எழுதத் தெரிந்த ஆள் அவர்.

அதே ஆண்டு லண்டனில் ஒரு கிளப்பில் மார்க் போலனைப் பார்க்கிறார். தரையில் விரிப்புப் போட்டு உட்கார்ந்து ஒரு கிட்டார், பக்கத்தில் ஒருவர் பாங்கோஸ் என்ற கைமேளம். அவ்வளவுதான் 'டிரனோசாரஸ் ரெக்ஸ்', பின்னாளில் பெயரைச் சுருக்கி டி. ரெக்ஸ் ஆன குழு. ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் நடுங்குகிற, மெல்லிய குரல் போலனுக்கு. கிட்டாரில் தெரிந்த கார்டுகளும் (சேர்த்து மீட்டுகிற ஸ்வரக் கூட்டங்கள்) கைவிரல் எண்ணிக்கைதான். இந்தச் சரக்கை வைத்துக்கொண்டு நாலே வருஷத்தில் இங்கிலாந்தையே ஆட்டிவைத்தார்கள்.

நீங்கள் முதலில் கேட்கவேண்டியது 1970-ல் வந்த 'ரைட் எ வைட் ஸ்வான்'. ஹெட்போன் போட்டுக்கொண்டு வாத்தியங்களை எண்ணிப் பாருங்கள். டிரம்ஸ் செட் கிடையாது. எலக்ட்ரிக் கிட்டார், பேஸ், கைதட்டல், டாம்பரின். பட்ஜெட் இடித்ததால் விஸ்கான்டிக்குக் கிடைத்தது நாலு வயலின். அந்த நாலையும் அவர் பின்னணியில் மெழுகுகிற வேலைக்கு விடவில்லை. போலன் ஒரு வரி பாடி மூச்சு வாங்குகிற இடத்தில் இன்னொரு கிட்டார்போல வந்து பதில் சொல்லிவிட்டுப் போகின்றன. அந்தப் பாட்டு 1971 ஜனவரியில் பிரிட்டிஷ் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. உங்கள் நாற்பது டிராக்கில் எத்தனை டிராக் இப்படி வாய் திறக்கிறது, எத்தனை சும்மா கூட்டத்தில் நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது 'ஹாட் லவ்'. 1971 மார்ச்சில் தொடங்கி ஆறு வாரம் முதலிடம். போலன் கண்ணுக்குக் கீழே மினுமினுப்பைத் தடவிக்கொண்டு பிபிசி டிவியில் தோன்றியதும் இந்தச் சமயத்தில்தான், மினுமினுப்பும் ஒப்பனையுமாக மேடையேறுகிற கிளாம் ராக் இசை பிறந்த நாளாகப் பலர் இதைத்தான் சொல்வார்கள். எனக்கு முகத்து மினுமினுப்பைவிடப் பின்னால் பாடுகிற இரண்டு பேரைத்தான் பிடிக்கும்: மார்க் வோல்மன், ஹோவர்ட் கேலன். 'டர்டில்ஸ்' குழுவில் இருந்த அமெரிக்கர்கள். ஆண்குரலில் எவ்வளவு உச்சிக்குப் போக முடியுமோ அங்கே போய்ப் பாடுகிறார்கள். போலனின் மெல்லிய குரல் கீழே நிற்க, இவர்கள் மேலே கூரை போட்டது மாதிரி. மெல்லிய குரலைக் கனமாக்கப் பார்க்காமல் அதைச் சுற்றிச் சுவர் எழுப்பினார் விஸ்கான்டி. என் கணக்கில் அவர் செய்த பெரிய காரியம் இதுதான்.

குரலில் ஒரு சின்ன 'டக்' என்ற எதிரொலியும் கேட்கும். அது டேப் எக்கோ. டேப் மிஷினில் ஒலியைப் பதிகிற ஹெட் ஒன்று, படிக்கிற ஹெட் ஒன்று, நடுவில் கொஞ்சம் இடைவெளி. டேப் அந்த இடைவெளியைத் தாண்ட நொடியில் ஒரு துளி நேரம் ஆகும். அந்தத் தாமதத்தை அசல் குரலோடு கலந்தால் ஒரே ஒரு முறை திரும்பக் கேட்கும். 1950-களில் அமெரிக்காவின் மெம்பிஸில் ராக் அண்ட் ரோல் தட்டுகளில் கேட்ட வித்தைதான், புதிதல்ல. பெரிய மண்டபத்தில் பாடுகிற மாதிரி ரிவெர்பை அள்ளிக் கொட்டுவதற்கும் இதற்கும் ரொம்ப வித்தியாசம். குரல் உங்கள் காதருகிலேயே நிற்கும், ஆனால் பளபளக்கும்.

'கெட் இட் ஆன்' பாட்டில் ஒரு வேடிக்கை. பதிந்ததை எல்லாம் அளவாகக் கலக்கிற மிக்ஸிங் கட்டத்துக்கு வந்தபிறகு, முந்தைய ஹிட்டுகளில் எல்லாம் வயலின் இருந்ததே, இதில் இல்லையே என்ற யோசனை வந்ததாம். ராசி பார்க்கிற மனசு லண்டனிலும் உண்டு. விஸ்கான்டி கோரஸுக்கு எழுதியது மொத்தம் மூன்றே ஸ்வரம். அதே பாட்டில் பியானோ மேல் கையை வழித்துவிடுகிற 'சர்ர்ர்' சத்தமும் வரும். அது ரிக் வேக்மேன். வாடகைக்குப் பணமில்லை, ஏதாவது வேலை கொடுங்கள் என்று கேட்டு வந்தவர். இதற்கு நான் எதற்கு, நீங்களே செய்யலாமே என்று அவர் கேட்க, உனக்கு வாடகை கட்டவேண்டாமா என்றார்களாம். சம்பளம் 9 பவுண்ட். வேக்மேனே பின்னாளில் சொல்லிச் சிரித்த கதை இது.

அலங்காரம் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். 1971 செப்டம்பரில் வந்த 'எலக்ட்ரிக் வாரியர்' ஆல்பத்தில் 'காஸ்மிக் டான்ஸர்' கேளுங்கள். அங்கே தந்தி வாத்தியங்கள் பாட்டையே தூக்கிச் சுமக்கின்றன. கடைசியில் டேப்பைத் திருப்பி ஓடவிட்ட கிட்டார் உள்ளிழுத்து உள்ளிழுத்து வருகிறது. எனக்கு இன்றைக்கும் கை ரோமம் நிற்கிற இடம்.

குறையும் உண்டு. இந்தச் சூத்திரம் சீக்கிரம் அலுத்தது. 1972 மே மாதம் 'மெட்டல் குரு'வோடு டி. ரெக்ஸின் முதலிடங்கள் முடிந்தன. 1974-ல் விஸ்கான்டியும் விலகிவிட்டார். கிளாம் ராக் முழுவதற்கும் அவரைப் பொறுப்பாக்கவும் கூடாது. ஸ்லேடு குழுவின் தடதட ஒலிக்குப் பின்னால் இருந்தவர் சாஸ் சாண்ட்லர், அது வேறு கடைச் சரக்கு.

சரி, உங்கள் லேப்டாப்புக்கு வருவோம். நாற்பதில் முப்பதை மியூட் செய்துவிட்டுக் கேளுங்கள். குரலை காப்பி எடுத்து ஒட்டாமல், நிஜமாகவே இரண்டாவது முறை பாடிப் பதியுங்கள். இரண்டுக்கும் நடுவே வருகிற சின்னச் சின்னப் பிசகுதான் குரலை அகலமாக்கும். நண்பரை நாலு தடவை வாசிக்கவைத்தால் நாலு வயலின் ஆயிற்று. ஆனால் அவர் வாசிக்கவேண்டியதை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள், நீங்கள் பாடாத இடங்களில் மட்டும். 'ஏதாவது போடுடா' என்று விட்டால் அவர் பாட்டு முழுக்க வாசிப்பார்.

பந்தயம்: 'ஸிக்கி ஸ்டார்டஸ்ட்' போவியோடு கென் ஸ்காட் தயாரித்தது, அதில் தந்தி வாத்திய அமைப்பு மிக் ரான்சன். விஸ்கான்டி அதற்கு முன்பு போவி செய்த 'தி மேன் ஹூ ஸோல்ட் தி வேர்ல்ட்' ஆல்பத்தைத் தயாரித்து, பேஸும் வாசித்தார். அதற்கும் முன்னால் போவியின் 'ஸ்பேஸ் ஆடிட்டி' பாட்டு கைக்கு வந்தபோது, இது வெறும் கவர்ச்சி வித்தை என்று சொல்லி கஸ் டட்ஜன் என்ற இன்னொரு தயாரிப்பாளரிடம் தள்ளிவிட்டவரும் அவரே. அந்தப் பாட்டு ஹிட். ஆக பிரியாணி உங்கள் நண்பருக்கு. தயாரிப்பாளர் விஷயத்தில் அவர் சொன்னது தப்பு என்பதால், ரைத்தா செலவை அவர் தலையில் கட்டுங்கள்.