வரலாற்று ஆசிரியராக இருந்த எங்கள் தாத்தாவின் வாழ்க்கைக் குறிப்பை எப்படி எழுதுவது?

உங்கள் தாத்தா தேவகோட்டைப் பக்கத்துக் கத்தோலிக்கர், 1939ல் பிறந்தவர், ஒரு நாளும் பூசை தவறாதவர். அவர் இறந்த 30ஆம் நாள் திருப்பலியில் (பூசையில்) வாசிக்கவும் சின்னப் புத்தகமாகப் போடவும் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். "அன்பானவர், பண்பானவர், எளிமையானவர்" என்று இந்நேரம் ஒரு பக்கம் எழுதி வைத்திருப்பீர்கள். அதை ஓரமாக வையுங்கள். சரித்திர வாத்தியாரைப் பற்றிய குறிப்பில் தேதி தப்பினால், அவரிடம் படித்தவர்களே முன்வரிசையில் இருந்து சிரிப்பார்கள்.

முதல் தப்பு பிறந்த தேதியிலேயே வரும். பணிப்பதிவேட்டிலும் ஓய்வூதியப் புத்தகத்திலும் இருப்பது பள்ளியில் சேர்த்தபோது எழுதிய தேதி. மே, ஜூன் என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். வயது சரிக்கட்டப் போட்டதாக இருக்கலாம். (எல்லோருக்கும் அப்படி என்று சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள்.) நம்பகமானது கோயிலில் உள்ள ஞானஸ்நானப் பதிவேடு. இப்போதைய பங்கு (ஒரு சாமியாரின் பொறுப்பில் உள்ள கோயில் வட்டாரம்) பின்னாளில் பிரிந்ததென்றால் பழைய ஏடு தாய்ப் பங்கில்தான் இருக்கும், அங்கே போய்க் கேளுங்கள்.

அந்தக் காலத்து ஏடுகள் பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். "அருளப்பன்" என்று தேடினால் கிடைக்காது, "யோவான்னெஸ்" என்று தேட வேண்டும். இராயப்பன் "பேத்ருஸ்", சின்னப்பன் "பவுலுஸ்", முடியப்பன் "ஸ்தேபானுஸ்", சூசை "யோசேபுஸ்". பெயர் கிடைத்ததும் சான்றிதழை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். அந்த வரியின் ஓரக்குறிப்பைக் காட்டச் சொல்லுங்கள். உறுதிபூசுதல் (ஞானஸ்நானத்துக்குப் பின் பெறும் அருட்சாதனம்), திருமணம் இரண்டும் எப்போது, எங்கே என்று அங்கே எழுதியிருக்க வேண்டும். பாட்டியின் ஊர்க் கோயிலில் ஓலை வாசித்து (கல்யாண அறிவிப்பைப் பூசையில் படித்து) கல்யாணம் நடந்திருந்தாலும் அந்தச் செய்தி இந்த ஏட்டுக்கு வந்து சேர வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். ஓரம் காலியாக இருந்தால், அனுப்பாமல் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். திருமணப் பதிவேட்டைப் பாருங்கள்.

அடுத்து ஊர்ப் பெயர்கள். "சிவகங்கை மறைமாவட்டத்தில் 1939ல் ஞானஸ்நானம் பெற்றார்" என்று எழுதிவிடாதீர்கள். சிவகங்கை மறைமாவட்டம் (ஆயர் ஒருவரின் நிர்வாகப் பகுதி) வந்தது 1987ல், அதுவரை மதுரைதான். சிவகங்கை வருவாய் மாவட்டமும் 1985ல் பிரிந்தது. அவர் பிறந்தது ராமநாதபுரம் ஜில்லாவில், மெட்ராஸ் மாகாணத்தில். படிப்பும் அப்படித்தான். அவர் எழுதியது 11 வருஷப் பள்ளிப் படிப்பின் எஸ்.எஸ்.எல்.சி., அதற்குமேல் இன்டர்மீடியட் அல்லது பி.யூ.சி. (கல்லூரிப் புகுமுக வகுப்பு). பிளஸ் டூ 1978ல்தான் வந்தது.

58 வயதில் ஓய்வு என்றால் 1997. கல்வியாண்டின் நடுவில் வயது முடிந்த ஆசிரியர்களை கல்வியாண்டு முடியும்வரை மறுநியமனத்தில் வைப்பது அப்போது வழக்கம் என்பதால், ஓய்வுத் தேதியும் கடைசியாக வகுப்பெடுத்த நாளும் வேறு வேறாக இருக்கலாம். பாட்டியின் குடும்ப ஓய்வூதியத்துக்காக ஓய்வூதியப் புத்தகம் கருவூலத்துக்குப் போகும் முன்பே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

அவருடைய செபப் புத்தகத்தை உதறிப் பாருங்கள். இறந்தவர்களின் நினைவு அட்டைகள், காய்ந்த குருத்தோலைச் சிலுவை, முதல் பக்கத்தில் பிள்ளைகள் பிறந்த நேரம் எல்லாம் அதில் இருக்கும். எந்த அட்டை எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தினமும் யாருக்காக வேண்டினார் என்பது அதிலிருந்துதான் தெரியும். பாட்டியிடம் "தாத்தா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "நல்லவர்" என்பார், பேச்சு அதோடு முடிந்துவிடும். "காலைப் பூசைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவார், கோயிலில் எந்தப் பக்கம் உட்காருவார், தவக்காலத்தில் எதை விட்டார்?" என்று கேளுங்கள்.

புத்தகத்தின் நடுவில் ஒரு காலக்கோடு போடுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வரைய வைத்தவருக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. 1 செ.மீ. = 5 ஆண்டு என்று வைத்தால் 1935 முதல் 2025 வரை 18 செ.மீ., ஏ4 தாளின் அகலத்தில் அடங்கும். கோட்டுக்கு மேலே குடும்பம், கீழே நாடும் திருச்சபையும். பூசை தாய்மொழிக்கு வர வழிவிட்ட இரண்டாம் வத்திக்கான் சங்கம் (உலக ஆயர்கள் கூட்டம்) முடிந்த 1965ஐ விட்டுவிடாதீர்கள். லத்தீன் பூசையும் தமிழ்ப் பூசையும் கண்ட தலைமுறை அவர்.

வாசிப்பதைச் சாமியாரிடம் முன்பே பேசிவிடுங்கள். அடக்கத் திருப்பலியின் மறையுரையில் (பிரசங்கத்தில்) புகழுரை கூடாது என்று திருப்பலி நூலின் பொது விதிகளே (எண் 382) சொல்கின்றன. நற்கருணைக்குப் பின் வரும் மன்றாட்டு முடிந்ததும் குடும்பத்தார் சில வார்த்தை பேசலாம். 30ஆம் நாளுக்கும் அதே இடத்தைக் கேளுங்கள். மூன்று நிமிடம் போதும். 250 சொல்லைத் தாண்டாதீர்கள். மீதி புத்தகத்துக்கு. அன்று ஞாயிறாக விழுந்தால் ஞாயிற்றுக்கிழமைப் பூசைதான் நடக்கும், பூசைக் கருத்தாக (யாருக்காக ஒப்புக்கொடுக்கிறார்கள் என்று) அவர் பெயரை மட்டும் வாசிப்பார்கள்.

தயவுசெய்து "சோசியல் சார்" என்று அச்சடிக்காதீர்கள், சரித்திர வாத்தியார் என்றே போடுங்கள். கணக்குக்குப் பீரியட் குறைந்தால் சரித்திரப் பீரியடைப் பிடுங்கிக்கொள்வார்கள். இப்போது பெயரையும் பிடுங்கியாயிற்று. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருக்கட்டும்.

பக்கங்கள் 4ன் மடங்கில் வரட்டும், இல்லாவிட்டால் கடைசிப் பக்கம் வெறுமையாக நிற்கும். பிரஸ்ஸுக்குக் கொடுக்கும் முன் பாட்டிக்கு ஒருமுறை சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்; கல்யாணத் தேதியில் தப்பு இருந்தால் அங்கேயே பிடிபடும்.